கூடங்குளம் உலையை அடக்கும் போரான்: அதைத் தயாரிக்க ஏன் 2,000 டிகிரி சூடு? வினையூக்கி எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்?

கேரம் போர்டில் காயின் வழுக்கிப் போவதற்காகத் தூவும் வெள்ளைப் பவுடர். பொற்கொல்லர் நகையைப் பற்றவைக்கும்போது தொட்டு வைக்கும் வெண்காரம். நெல்லை மாவட்டம் ராதாபுரம் தாலுகாவில், கடலோரம் நிற்கும் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் உலைக்குள் சுற்றிவரும் தண்ணீர். இந்த மூன்றிலும் பொதுவாக இருக்கும் தனிமம் ஒன்று உண்டு. அதுதான் போரான்.

பவுடராகவும் வெண்காரமாகவும் இருக்கும்வரை போரான் சாதுவான சரக்கு. நாட்டு மருந்துக் கடையிலேயே வாங்கிவிடலாம். ஆனால் அதே போரானை அணு உலைக் கம்பிக்குள் அடைக்கும் போரான் கார்பைடாகவோ, கடினமான எஃகையே சீவும் போரான் நைட்ரைடாகவோ மாற்ற வேண்டும் என்றால் கதை வேறு. சூடு 1,000 டிகிரி, 1,500 டிகிரி, 2,000 டிகிரி என்று ஏறும். கூடவே கரன்ட் செலவும், பொருளின் விலையும் ஏறும்.

இந்தச் சூட்டைக் குறைக்க வேதியியலில் இருக்கும் முக்கியமான வழி, வினையூக்கி. அதாவது கேட்டலிஸ்ட். ஆனால் அது எல்லா இடத்திலும் வேலை செய்யாது. எங்கே செய்யும், எங்கே செய்யாது? பார்க்கலாம்.

கூடங்குளத்தில் போரானுக்கு என்ன வேலை?

யுரேனியம் அணு பிளக்கும்போது நியூட்ரான்கள் வெளியே வருகின்றன. அவை அடுத்த அணுக்களைப் பிளக்கின்றன. இப்படியே சங்கிலி நீள்கிறது. இந்தச் சங்கிலியை வேகம் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டுமானால், நியூட்ரான்களை யாராவது விழுங்க வேண்டும். அந்த வேலையைப் போரான் அபாரமாகச் செய்யும்.

இன்னும் சரியாகச் சொன்னால், எல்லாப் போரானும் அல்ல. இயற்கையில் கிடைக்கும் போரானில் இரண்டு வகை அணுக்கள் கலந்திருக்கின்றன. சுமார் 20 சதவீதம் போரான்-10, மீதி 80 சதவீதம் போரான்-11. நியூட்ரானை விழுங்குவது போரான்-10 மட்டும்தான். விழுங்கியதும் அது லித்தியமாகவும் ஹீலியமாகவும் உடைந்துவிடும். போரான்-11 கிட்டத்தட்ட வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

கூடங்குளத்தில் இருப்பவை ரஷ்ய வடிவமைப்பில் உருவான, தலா 1,000 மெகாவாட் திறன் கொண்ட விவிஇஆர் வகை உலைகள். இவற்றில் போரான் இரண்டு வடிவங்களில் வேலை செய்கிறது. ஒன்று, தண்ணீரில் கரைத்த போரிக் அமிலம். இன்னொன்று, கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்குள் இருக்கும் போரான் கார்பைடு. இந்த வகை உலைகளில் எரிபொருள் மாற்றும் நேரத்தில், ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 16 கிராம் போரிக் அமிலம் இருக்கும்.

2013 ஜூலை 13 அன்று முதல் அலகில் தொடர்வினை தொடங்கியதே போரானைக் குறைத்துத்தான். கம்பிகளை மேலே உயர்த்தினார்கள். பிறகு தண்ணீரில் இருந்த போரானின் செறிவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ஒரு கட்டத்தில் சங்கிலி தானாகவே ஓடத் தொடங்கியது. இதற்கு நேர் எதிரான ஏற்பாடும் அங்கே உண்டு. கம்பிகள் வேலை செய்யாமல் போனால், செறிவான போரிக் அமிலக் கரைசலை உடனடியாக உள்ளே செலுத்தும் தனி அமைப்பு அது.

2011-ல் இடிந்தகரையில் போராட்டம் வலுத்தபோது ஊர் மக்கள் கேட்டது ஓர் எளிய கேள்வி: ஏதாவது ஆனால் இதை எப்படி நிறுத்துவீர்கள்? அந்தக் கேள்விக்கான பதிலில் போரான் ஒரு பகுதி. முழுப் பதில் அல்ல. சங்கிலி நின்ற பிறகும் எரிபொருளில் சூடு மிச்சம் இருக்கும். அதைத் தணிப்பது வேறு கதை. ஆனால் சங்கிலியை நிறுத்தும் முதல் படியில் போரான் நல்ல தரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

நம்மிடம் போரான் இருக்கிறதா?

பெரிதாக இல்லை. உலகப் போரான் கனிம இருப்பில் 70 சதவீதத்துக்கு மேல் துருக்கியில் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ‘போரான்’ என்ற பெயரிலேயே ஒரு சுரங்க ஊர் இருக்கிறது. இந்தியாவில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில், வெந்நீர் ஊற்றுகளை ஒட்டி வெண்காரம் படிந்து கிடக்கிறது. ஆனால் நாட்டின் தேவைக்கு இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறோம்.

அதனால் நமக்குத் தயாரிப்பு முறை முக்கியமாகிறது. சொந்த மண்ணில் தாது கொட்டிக் கிடந்தால், உலையில் கொஞ்சம் ஆவியாகிப் போனாலும் பரவாயில்லை என்று விடலாம். வெளியே இருந்து வாங்கிவரும் சரக்கை அப்படி விட முடியுமா?

அப்படி என்ன அடம் பிடிக்கிறது?

போரிக் அமிலம் தயாரிப்பது சுலபம். வெண்காரத்தில் கந்தக அமிலத்தைச் சேர்த்தால் போதும். பெரிய சூடு தேவையில்லை, வினையூக்கியும் தேவையில்லை. ஏனென்றால் இங்கே போரான் ஆக்சிஜனோடு கைகோத்தபடியேதான் இருக்கிறது. யாரும் பிரிக்கவில்லை.

சிக்கல் ஆரம்பிப்பது, அந்தக் கையை விடுவிக்கும்போது. போரானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள பிணைப்பு, வேதியியலில் மிக வலுவான பிணைப்புகளில் ஒன்று. கார்பைடு வேண்டும் என்றால் ஆக்சிஜனை விரட்டிவிட்டுக் கார்பனை உட்கார வைக்க வேண்டும். நைட்ரைடு வேண்டும் என்றால் நைட்ரஜனை உட்கார வைக்க வேண்டும். எவ்வளவு சூடு என்பதை இந்த இடமாற்றம்தான் முடிவு செய்கிறது.

வினையூக்கி உண்மையில் என்ன செய்யும்?

செங்கோட்டையில் இருந்து புனலூர் போகும் ரயிலை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிவரை ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்றால் எந்த இன்ஜினும் திணறும். அதனால் வழியில் மலையைக் குடைந்து குகை போட்டிருக்கிறார்கள். ஊர்கள் அதே ஊர்கள்தான். நடுவில் ஏற வேண்டிய உயரம்தான் குறைந்தது.

வினையூக்கி இந்தக் குகை மாதிரி. வினை நடக்கத் தேவையான தடையைக் குறைக்கும். தான் செலவாகாமல், அடுத்த மூலக்கூறுக்கும் அதே வழியைத் திறந்துவிடும்.

ஆனால் ஒரு கண்டிஷன். குகை வந்ததால் புனலூரின் உயரம் மாறாது. போய்ச் சேர வேண்டிய ஊரே மலை உச்சியில் இருந்தால், எத்தனை குகை வெட்டினாலும் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். போரான் சேர்மங்களில் வினையூக்கி ஜெயிக்கும் இடமும் தோற்கும் இடமும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கின்றன.

தாமிரபரணிப் பகுதிக்கு வினையூக்கி புதிது அல்ல. ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலுக்கு வடக்கே, தூத்துக்குடியில் இருக்கிறது ஸ்பிக் உர ஆலை. 1975-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்த ஆலையின் அடித்தளம் அம்மோனியா. நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா எடுக்க, உலகம் முழுக்க ஆலைகள் இரும்பு வினையூக்கியைத்தான் நம்பியிருக்கின்றன. அது இல்லாவிட்டால் நைட்ரஜன் அசைந்து கொடுக்காது. அந்த அம்மோனியாதான் யூரியாவாகி மூட்டையில் வருகிறது.

பக்கத்திலேயே, ஸ்பிக்கின் வாயுவைப் பயன்படுத்தி 1978-ல் இயங்கத் தொடங்கியது கனநீர் ஆலை. அங்கே அம்மோனியாவுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே கனஹைட்ரஜன் இடம் மாறுவதைத் துரிதப்படுத்தியது பொட்டாசியம் அமைடு என்ற வினையூக்கி. ஆக, உரத்திலும் அணுசக்தியிலும் வினையூக்கி என்ன செய்யும் என்பதற்குப் பாடப்புத்தக உதாரணங்கள் நெல்லைக்காரர்களின் பக்கத்திலேயே இருக்கின்றன.

போரான் கார்பைடு: வினையூக்கி திணறும் இடம்

கூடங்குளம் கம்பிக்குள் இருக்கும் சரக்குக்கு வருவோம். தொழிற்சாலையில் போரிக் அமிலத்தையோ போரிக் ஆக்சைடையோ கார்பனோடு கலந்து மின்வில் உலையில் போடுகிறார்கள். கார்பன் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். போரான் கார்பைடு மிஞ்சும்.

இந்த வினை சுமார் 1,500 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நடக்கவே விரும்பாது. தடை பெரிது என்பது மட்டும் காரணம் அல்ல. அந்தச் சூட்டுக்குக் கீழே ஆற்றல் கணக்கே எதிராக இருக்கிறது. அதாவது, போய்ச் சேர வேண்டிய ஊரே உச்சியில் இருக்கிறது. குகை உதவாது. அதனால் ஆலைகளில் உலையின் சூடு 2,000 டிகிரியைத் தாண்டுகிறது.

அந்தச் சூட்டில் இன்னொரு தலைவலி. போரிக் ஆக்சைடு ஆவியாகிப் பறக்கும். கணக்குப்படி ஒரு பங்கு தேவை என்றால், கூடுதலாகவே போட வேண்டியிருக்கும். சாதாரணப் போரான் என்றால் அது வெறும் செலவு. போரான்-10ஐப் பிரித்தெடுத்துச் செறிவாக்கிய சரக்கு என்றால் பெரிய நஷ்டம்.

செறிவாக்கிய போரான் எங்கே தேவைப்படுகிறது? கல்பாக்கத்தில் 500 மெகாவாட் திறனில் அமைக்கப்பட்ட முன்மாதிரி அதிவேக ஈனுலையில். அங்கே குளிர்விப்பது தண்ணீர் அல்ல, திரவ சோடியம். அதில் போரிக் அமிலம் கரைக்கும் வழி கிடையாது. கம்பிகளுக்குள் இருக்கும் கார்பைடுதான் முழுப் பொறுப்பு. வேகமான நியூட்ரான்களைப் பிடிப்பதும் கஷ்டம் என்பதால் போரான்-10 அதிகமுள்ள கார்பைடு வேண்டும். அணு அணுவாகப் பிரித்தெடுத்த பொருளை உலையில் புகையாக விட யாருக்கு மனசு வரும்?

வினையூக்கி கைவிடும் இந்த இடத்தில் விஞ்ஞானிகள் வேறு பாதைகளைத் தேடினார்கள். அதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு இருக்கிறது.

முதல் பாதை, சர்க்கரை. ஆமாம், சுக்ரோஸ். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், போரிக் அமிலத்தையும் சர்க்கரையையும் சேர்த்து ஜெல் ஆக்கி, அதிலிருந்து நுண்படிகப் போரான் கார்பைடு தயாரித்த ஆய்வு 2012-ல் வெளியானது. கரித்தூளைக் கலப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தூள் கலவையில் போரானும் கார்பனும் தனித்தனித் துகள்களாக இருக்கும். ஜெல்லில் இரண்டும் மூலக்கூறு அளவிலேயே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்றையொன்று தேடிப்போகும் தூரம் குறைவு. அதனால் மின்வில் உலையின் உச்சச் சூடுவரை போக வேண்டியதில்லை.

இரண்டாவது பாதை, மின்சாரம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உருக்கிய உப்புக்குள் மின்சாரத்தைச் செலுத்தி லாந்தனம் ஹெக்ஸாபோரைடு, சீரியம் ஹெக்ஸாபோரைடு போன்ற சேர்மங்களைத் தயாரித்துக் காட்டியது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எலக்ட்ரான்களை உமிழும் முனையாக லாந்தனம் ஹெக்ஸாபோரைடு பயன்படுகிறது. இங்கே மலை ஏறும் ஆற்றலைச் சூடு மட்டும் தரவில்லை, மின்சாரமும் சேர்ந்து தருகிறது.

போரான் நைட்ரைடு: வினையூக்கி ஜெயித்த இடம்

போரான் நைட்ரைடுக்கு இரண்டு முக்கிய முகங்கள். ஒன்று அறுகோண வடிவம். பென்சில் கிராஃபைட் மாதிரி அடுக்கடுக்காக, வழவழப்பாக இருக்கும். இன்னொன்று கனசதுர வடிவம். வைரம் மாதிரி. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசை.

முதல் முகத்தைச் செய்வது ஓரளவு எளிது. போரிக் அமிலத்தை அம்மோனியாவோடோ யூரியாவோடோ சேர்த்துச் சூடாக்கினால் 1,000 டிகிரியை ஒட்டியே கிடைத்துவிடும். பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் சி.என்.ஆர்.ராவ் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், போரிக் அமிலம், யூரியா விகிதத்தை மாற்றி மாற்றிப் போட்டு, சில அடுக்குகளே உள்ள மெல்லிய போரான் நைட்ரைடை எடுத்தார்கள். வயலுக்குப் போகும் அதே யூரியாதான்.

இரண்டாவது முகம்தான் சவால். அடுக்குகளை வைர வடிவத்துக்கு மடக்க வேண்டும். வெறும் அழுத்தத்தால் செய்வதென்றால் சுமார் 10 ஜிகாபாஸ்கல் தேவை. அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல சுமார் 1 லட்சம் மடங்கு. கூடவே 2,000 டிகிரியை ஒட்டிய சூடு.

1957-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் வென்டார்ஃப் ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்தார். மெக்னீசியம், லித்தியம் போன்ற உலோகங்கள் அல்லது அவற்றின் நைட்ரைடுகளைக் கொஞ்சம் சேர்த்தால், தேவையான அழுத்தம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிட்டது. சுமார் 5 ஜிகாபாஸ்கல், 1,500 டிகிரி போதும். அந்த அழுத்தத்தில் கனசதுர வடிவம்தான் நிலையானது. அதாவது போக வேண்டிய ஊர் பள்ளத்தில் இருக்கிறது, நடுவில் மலை மட்டும்தான் இடைஞ்சல். குகை போட்டதும் வழி திறந்துவிட்டது.

உள்ளே என்ன நடக்கிறது? பனங்கற்கண்டு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காய்ச்சிய பாகை ஆறவிட்டால், அதில் கரைந்திருக்கும் சர்க்கரை மெதுவாகப் படிகமாகித் திரளும். இங்கே உருகிய உலோக நைட்ரைடு பாகு மாதிரி. அறுகோண போரான் நைட்ரைடு அதில் கரைகிறது, கனசதுரப் படிகமாகத் திரும்பப் படிகிறது. திடப்பொருளை அப்படியே நசுக்கி மடக்குவதைவிடக் கரைத்துப் படிய வைப்பது சுலபம் அல்லவா?

1969-ல் இது ‘போரஸான்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. வைரம் இருக்கும்போது இது எதற்கு? வைரம் என்பது கார்பன். சூடான இரும்போடு உரசினால் அந்தக் கார்பன் இரும்புக்குள் கரைந்து, வைர முனை தேய்ந்துவிடும். கனசதுர போரான் நைட்ரைடுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கார் கியரையும் பேரிங்கையும் கடினப்படுத்திய பிறகு கடைசல் செய்ய, சிஎன்சி பட்டறைகளில் ‘சிபிஎன் இன்சர்ட்’ மாட்டுவது இதனால்தான். வினையூக்கி கண்டுபிடிக்கப்படாமல் இருந்திருந்தால், இந்தப் பொருள் பட்டறைக்கு வராமல் ஆய்வகத்திலேயே முடங்கியிருக்கும்.

நானோகுழாய்: வினையூக்கி வடிவம் கொடுக்கும் இடம்

வேகம் கூட்டுவது மட்டும் வினையூக்கியின் வேலை அல்ல. சில நேரம் பொருள் எந்த வடிவத்தில் வளர வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கும். போரான் நைட்ரைடு நானோகுழாய் அதற்கு நல்ல உதாரணம். தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய குழாய் இது. முதன்முதலில் 1995-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தயாரித்தார்கள். கார்பன் நானோகுழாய் எரிந்துபோகும் சூட்டையும் இது தாங்கும். போரான் இருப்பதால் நியூட்ரானையும் விழுங்கும். விண்வெளிக் கதிர்வீச்சுத் தடுப்புக்காக நாசா இதை ஆராய்வது அதனால்தான்.

இந்தியாவில் இதே ராவ் குழு 2002-ல் ஓர் எளிய செய்முறையை வெளியிட்டது. போரிக் அமிலம், கார்பன், நுண்ணிய இரும்புத் துகள்கள். இவற்றை அம்மோனியா வாயுவில் 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்கினார்கள். நானோகுழாய்களும் நானோகம்பிகளும் வளர்ந்தன. அம்மோனியாவை உருவாக்க உதவும் அதே உலோகம், இங்கே அம்மோனியாவில் இருந்து நைட்ரஜனை வாங்கிப் போரானோடு சேர்க்கவும் உதவுகிறது.

இரும்புத் துளி இங்கே இடியாப்ப அச்சு மாதிரி. போரானும் நைட்ரஜனும் துளிக்குள் போகின்றன. நிரம்பி வழியும்போது குழாயாக வெளியே வருகின்றன. துளி சிறிதாக இருந்தால் குழாயும் மெலிதாக இருக்கும்.

அப்படியென்றால் பிரச்சினையே இல்லையா?

இருக்கிறது. அச்சு, இடியாப்பத்தோடு சேர்ந்து தட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும்? நானோகுழாயின் முனையில் இரும்புத் துளி ஒட்டிக்கொண்டே இருக்கும். அமிலத்தில் கழுவி எடுக்க வேண்டும். அதில் நேரமும் போகும், கொஞ்சம் சரக்கும் போகும். மின்னணு சாதனத்திலோ அணு உலைப் பொருளிலோ, தெரியாத்தனமாகத் தங்கும் சிறு மாசுகூடப் பெரிய தலைவலி.

அதனால் எதிர்த் திசையிலும் முயற்சி நடந்தது. அமெரிக்காவில் நாசாவின் லாங்லி மையமும் ஜெஃபர்சன் ஆய்வகமும் சேர்ந்து, வினையூக்கியே இல்லாமல் லேசரையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் வைத்து நீளமான குழாய்களை வளர்த்ததை 2009-ல் அறிவித்தன. சுத்தமான சரக்கு. ஆனால் லேசருக்கான மின்சாரச் செலவு இருக்கிறது. கடைசியில் கேள்வி இதுதான்: சூட்டுக்குப் பணம் கொடுப்பதா, சுத்தம் செய்யக் கொடுப்பதா?

நமக்கு இதில் என்ன?

கூடங்குளத்தில் முதல் இரண்டு அலகுகள் மின்சாரம் தருகின்றன. 3 முதல் 6 வரையிலான அலகுகளும் தலா 1,000 மெகாவாட் திறனில் திட்டமிடப்பட்டவை. ஒவ்வோர் உலைக்கும் போரிக் அமிலமும் கார்பைடும் வேண்டும். கியர் செய்யும் பட்டறைகளுக்கு சிபிஎன் வேண்டும். தாது நம்மிடம் பெரிதாக இல்லை. ஆகவே, வாங்கும் ஒவ்வொரு கிலோ போரானில் எவ்வளவு உருப்படியான பொருளாக மாறுகிறது, எவ்வளவு புகையாகப் போகிறது என்பதே நமக்கு முக்கியமான கணக்கு.

‘புதிய வினையூக்கி கண்டுபிடிப்பு, இனி விலை குறையும்’ என்று அடுத்த முறை ஒரு செய்தி போனில் வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, அந்த வினையில் இடைஞ்சல் நடுவில் இருக்கும் மலையா, இல்லை போய்ச் சேரும் ஊரே உச்சியிலா? உச்சியில் என்றால் வினையூக்கியால் பெரிதாகப் பயன் இருக்காது, பாதையையே மாற்ற வேண்டும்.

இரண்டு, வேலை முடிந்ததும் வினையூக்கியைப் பொருளில் இருந்து பிரித்தெடுக்க முடியுமா? அதற்கு ஆகும் செலவு, மிச்சப்படுத்திய சூட்டைவிடக் குறைவா?

மூன்று, போட்ட போரானில் எவ்வளவு கைக்குத் திரும்ப வருகிறது?

மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால், அந்தச் செய்தி ஆய்வகத்தைத் தாண்டித் தொழிற்சாலைக்குப் போக வாய்ப்பு இருக்கிறது. வென்டார்ஃபின் மெக்னீசியம் 12 வருடத்தில் அந்தத் தூரத்தைக் கடந்தது. நானோகுழாய்க்கு உதவும் இரும்புத் துளி இன்னும் வழியில்தான் இருக்கிறது.